‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’

தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை முதன்முதலாக வாய்திறந்து சொல்லும் குழந்தை, பல நேரம் கூடவே ஒரு வேண்டுகோளையும் வைக்கிறது: ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.’ கேட்டவர் வகுப்பாசிரியையாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருக்கலாம். நம்பிச் சொன்ன பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக முடியாது என்று அந்த நிமிடத்தில் தோன்றுகிறது.

இந்தியச் சட்டத்துக்கு இதில் தயக்கமில்லை. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இப்படியொரு குற்றம் நடந்தது என்றோ நடக்கக்கூடும் என்றோ தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. சொல்லாமல் இருந்துவிட்ட குழந்தைக்கு இந்தத் தண்டனை எதுவும் கிடையாது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது யாரும் வழக்குப் போடவும் முடியாது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் பேசினாலும், சிறைக்குப் பயந்து புகார் கொடுப்பவர் தன்னைத்தான் காத்துக்கொள்கிறார். சொல்லுவது ஏன் சரி, சொன்ன பிறகு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்விகளுக்குச் சட்டத்துக்கு வெளியேதான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

மௌனத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. புகாருக்குப் பின் குழந்தை படும் பாடு உண்மையானது. காவல் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று அலைய வேண்டும். தெருவில் பேச்சு கிளம்பும். பள்ளியில் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். பிற்பாடு கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது பழையதைக் கிளறுவார்கள். ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று கேட்கும் தாய் இல்லாத ஒன்றுக்குப் பயப்படவில்லை. ஊர் அப்படித்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதே ஊரார் அவள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ‘பிள்ளையோட எதிர்காலத்தை நெனச்சு விட்டுடும்மா’ என்று புத்தி சொல்லும்போது நிலைமை வேறு. எந்தத் தீங்கைக் காட்டி மௌனத்தைக் கேட்கிறார்களோ, அந்தத் தீங்கைச் செய்யப்போகிறவர்கள் அவர்களேதான். தன் நாக்கை அடக்கிக்கொள்ளச் சம்மதிக்காதவருக்கு, அந்த நாக்குக்கு அஞ்சிப் பிள்ளையை வாய்மூடச் சொல்லும் உரிமை எங்கிருந்து வரும்? பயந்துபோன தாயை இந்தக் கேள்வியால் மடக்குவது கொடுமை. கேள்வி ஊருக்கானது.

மௌனத்தால் யாருக்கு ஆதாயம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் பேசினார்கள். ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காடு. அவர்களில் சரிபாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். ‘பையன்தானே’ என்று இருக்கும் வீடுகள் இந்த ஒரு தகவலையாவது மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தீங்கு செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை. மாமாவாகவோ டியூஷன் வாத்தியாராகவோ வேன் ஓட்டுநராகவோ அதே குழந்தையின் நாளில் தினமும் வந்துபோகிற ஒருவருக்கு, யாரும் வாய்திறக்க மாட்டார்கள் என்ற நிச்சயத்தைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. அவர் அடுத்த வீட்டுக்கும் போவார், அடுத்த பிள்ளையிடமும் போவார். ஒரு குழந்தைக்குக் கொடுத்த மௌன வாக்குக்கு இன்னொரு குழந்தை விலை கொடுக்கும்.

அந்தக் குழந்தைகள் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் நம் வளர்ப்பிலேயே இருக்கிறது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பள்ளியில் முக்கால் மணி நேரம் சொல்லித்தருகிறோம். வீட்டுக்கு வந்ததும், விருப்பமில்லாமல் நெளியும் பிள்ளையை ‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு’ என்று தள்ளிவிடுகிறோம். ‘பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசக் கூடாது’ என்று பத்து வருடம் பழக்கிவிட்டு, ஒரு பெரியவர் தவறு செய்யும் அந்தக் கணத்தில் மட்டும் பிள்ளை உரத்துக் கத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். தடுக்கும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிற எந்த விழிப்புணர்வும் பாதி வேலைதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 உதவி எண்ணைப் பாடநூலில் அச்சிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் பெட்டியில் விழும் சீட்டை எடுத்துப் படிக்கும் கை யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை எழுதும், எழுதாமல் விடும்.

மௌனத்துக்கு நேரெதிராக ஊர் காட்டும் இன்னொரு முகம் ஆவேசம். 2018 ஜூலையில், சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சிறுமி மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு ஆளான செய்தி வெளிவந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் வளாகம் அது. அங்கே வேலை பார்த்தவர்கள் உட்பட 17 பேர் கைதானார்கள். அவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது வழக்கறிஞர்களே சூழ்ந்து அடித்தார்கள். இவர்களுக்காக வாதாட மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கமும் அறிவித்தது. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல மனம் வராது. அதைக் கேட்டுக் கொதிக்காதவர் இருக்க முடியாது. என்றாலும் 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது 15 பேர் குற்றவாளிகள் என்றான அதே வழக்கில் ஒருவர் விடுதலையும் ஆனார். எல்லாரையும் அடித்த கைகள் அவரையும் சேர்த்தே அடித்திருந்தன. வழக்கறிஞர் இல்லாமல் விசாரணை நடத்தித் தண்டித்தால் மேல்முறையீட்டில் அது நிற்காது. குழந்தை மறுபடி முதலிலிருந்து சாட்சி சொல்ல நேரலாம். பிள்ளையின் பெயரால் கொதித்தவர்கள் பிள்ளைக்கே சுமை கூட்டியவர்களாகியிருப்பார்கள்.

தூக்குத் தண்டனை கேட்டு எழும் குரலிலும் இதே சிக்கல் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின், மிகக் கொடிய வன்கொடுமைகளுக்கு மரண தண்டனை விதிக்கப் போக்சோ சட்டத்திலேயே இடமிருக்கிறது. குற்றம் செய்தவர் முன்பின் தெரியாதவராக இருந்தால் இது பயனளிக்கும் என்று வாதாடலாம். செய்தவர் சித்தப்பா என்றால்? ‘நீ வாயைத் திறந்தா அவரைத் தூக்குல போட்டுடுவாங்க’ என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் பேசாது. தண்டனை ஏற ஏற, சொந்த வீட்டுக்குள் நடப்பதைச் சொல்வதற்கான விலையும் ஏறுகிறது. கடுமையைக் கேட்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தெரிவிக்கும் கடமைக்கு ஓர் எல்லையும் உண்டு. 17 வயதுப் பெண் விரும்பிப் பழகியவன் மீது, அவன் வேறு சாதி என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றோர் போக்சோ வழக்குத் தொடுப்பது தமிழ்நாட்டில் அரிதாக நடப்பதல்ல. பதின்ம வயதினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. விருப்ப உறவில் கருவுற்றுக் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவள் யார் என்பதை மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தையைக் காக்க வந்த சட்டம் குடும்ப மானத்தையும் சாதியையும் காக்கும் கருவியாவதை ஊர் ஆதரிக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு, ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ என்ற வேண்டுகோளுக்கு என்னதான் பதில்? வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதும் தவறு, வாக்குக் கொடுத்துக் காப்பதும் தவறு. ஆகவே அந்த வாக்கையே கொடுக்கக் கூடாது. ‘இதை நான் மட்டும் வெச்சுக்க முடியாது கண்ணு. யார்கிட்ட சொல்லப்போறேன், எதுக்குச் சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்றேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல’ என்று சொல்லிவிடலாம். குழந்தை அழலாம், கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் வாழ்க்கையில் நம்பிக்கைக்குரிய ஒருவர் ஏற்கெனவே அதை ஏமாற்றியிருக்கிறார். இரண்டாவது பெரியவரும் ஏமாற்றிவிட்டார் என்ற நிலைமையை இந்த நேர்மை தவிர்க்கும். அதற்குமேல் துருவிக் கேட்பது, குழந்தை சொல்லக் கேட்டவரின் வேலையல்ல. ஆசிரியை ஒரு முறை, தலைமையாசிரியர் ஒரு முறை, பெரியப்பா ஒரு முறை என்று எல்லாரிடமும் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது இன்னொரு கொடுமை.

இதற்கெல்லாம் சட்டத்திலேயே கருணை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இயன்றவரை ஒரு பெண் காவல் அதிகாரி குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அதன் கண்ணில் படக் கூடாது. இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். வழக்கு நெடுக உடன் நிற்கக் குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். அப்படியொருவர் தேவையா என்பதைப் பெற்றோரின் முடிவுக்கு விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அந்த ஆதரவு நபரும்கூட மாலையில் தன் வீட்டுக்குப் போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் குழந்தை ஊரோடுதான் வாழ்கிறது. வழக்கு இழுபடும் காலத்தில்தான் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று தூது வரும், பணம் வரும், சாதிப் பெரியவர்கள் வருவார்கள். சாட்சிகள் பிறழ்வது இந்த நாட்களில்தான். புகாரன்று ஓடிவந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல்.

குற்றம் செய்தவர் தகப்பனாக, அந்த வீட்டுக்கு ஒரே சம்பாத்தியக்காரராக இருக்கும் வழக்குகளில் இது இன்னும் கூர்மையாகிறது. அவர் சிறைக்குப் போன மறுவாரம் அரிசி வாங்கக் காசு இருக்காது. மகளா சோறா என்று நிற்கும் தாயைப் ‘பெத்தவளா இவ?’ என்று ஏசுவது எளிது. உணவு, உடை போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு நிவாரணம் பரிந்துரைக்க 2020 விதிகளில் இடமிருக்கிறது. நீதிமன்றம் இடைக்கால இழப்பீடும் வழங்கலாம். இதை அவளுக்கு யார் சொல்வது, யார் விண்ணப்பம் எழுதித் தருவது, பணம் வரும் வரை மளிகைக் கடையில் யார் பொறுப்பேற்பது? தெருவிலுள்ள மகளிர் சுய உதவிக் குழு இதைச் செய்யலாம். புகார் கொடுக்கச் சொல்லித் தூண்டியவர்கள் இதில் பங்கெடுக்காமல் ஒதுங்கினால், தைரியம் அவர்களுடையதாகவும் பட்டினி அவளுடையதாகவும் போகும்.

கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்ற ஏற்பாடு 2009 முதல் ஒன்றிய அரசின் திட்டத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் வகுத்தபடி, ஊராட்சித் தலைவர் தலைமை வகிக்க, ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், இரண்டு குழந்தைகள் உறுப்பினர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தலைவரின் பங்காளியாக இருந்தால் இந்தக் குழு என்ன செய்யும் என்பதே அதன் உண்மையான சோதனை. அப்போது சமரசத் தாளில் கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு செவிலியர், ஓர் ஆசிரியர் தனித்து விடப்படாமல் இருப்பது மற்ற உறுப்பினர்களின் கையில் இருக்கிறது.

வழக்கு விடுதலையில் முடிந்தால் என்ன செய்வது என்பது எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற விதி நியாயமானது, கைவிடக் கூடாதது. விடுதலையானவர் தெருவுக்குத் திரும்பி வருவார். அவரை அடிக்கவோ விரட்டவோ யாருக்கும் உரிமையில்லை. அதே நேரம் சாட்சியம் போதவில்லை என்ற தீர்ப்பைப் ‘பிள்ளை பொய் சொன்னது’ என்று படிப்பதும் தவறு. பொய்ப் புகாருக்குத் தண்டனை சொல்லும் சட்டமே குழந்தைக்கு அதிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. ஒருவரைச் சிறையில் அடைக்கலாமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. குழந்தை எந்த வழியாகப் பள்ளிக்குப் போகும், யார் கூடப் போவார்கள், சாயங்காலம் எந்த வீட்டில் உட்கார்ந்து படிக்கும், அந்த ஆள் வந்து நிற்கும் கோயில் திருவிழாவில் அதை யார் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது என்பவை ஊரின் கேள்விகள். இவற்றுக்குப் புகார் கொடுத்த அன்றைக்கே பதில் வேண்டும். தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தப் பதில் மாற வேண்டியதில்லை.