சீசனை இழந்தவரின் பாரம் யாருடையது?

ஜும்ஆ உரை: 23.04.2021 (ஹிஜ்ரி 1442, ரமளான் பிறை 10)

 

கடந்த செவ்வாய்க்கிழமை முதல் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டிருக்கிறது. நம் ஊரில் ஏப்ரலும் மே மாதமும் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் சம்பாதித்துப் பத்து மாதம் சாப்பிடுகிற ஊர் இது. போன வருடம் மார்ச்சில் மூடியது, செப்டம்பரில்தான் இ-பாஸோடு திறந்தது. மலர்க் கண்காட்சியும் இல்லை, சீசனும் இல்லை. "இந்த வருடமாவது" என்று வட்டிக்கு வாங்காமல், நகையை விற்றுக் கடைக்குச் சரக்குப் போட்டவர்கள் இந்த ஸஃப்பிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

புதன்கிழமை தராவீஹ் முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். சிறிய காட்டேஜ் வைத்திருக்கிறார். "ஹஜ்ரத், பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் கேட்கிறது. கல்யாணத்துக்கு வருகிறோம் என்று பதிவு செய்துவிட்டு வந்துவிடுவார்களாம். நான்கு நாள் தங்கினால் என் பிள்ளையின் காலேஜ் பீஸ் கட்டிவிடுவேன். இது ஹராமா?" என்றார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். கேட்டதற்காக அவரை நான் மதிக்கிறேன். கேட்காமலேயே செய்கிறவர்களும் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று எல்லோருக்குமாகச் சொல்கிறேன். பதிலின் முதல் பாதி அவருக்கு. இரண்டாவது பாதி மற்ற நம் அனைவருக்கும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். மதீனாவிலிருந்து ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஸர்ஃக் என்ற இடத்துக்கு வந்தபோது அபூஉபைதா (ரலி) அவர்களும் மற்றப் படைத்தளபதிகளும் எதிரே வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவிவிட்டது என்று சொன்னார்கள். உமர் (ரலி) தானாக முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபட்டது. அன்சாரிகளை அழைத்தார்கள், அவர்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்தார்கள். பிறகு குறைஷிகளில் மூத்தவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில், மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள் என்றார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். இதை உம்மைத் தவிர வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று உமர் (ரலி) வருந்தினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்றார்கள். ஒட்டகத்தோடு இறங்குகிற பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதானே என்று உதாரணமும் சொன்னார்கள். அதுவரை அங்கே இல்லாதிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அப்போதுதான் வந்து, இதுபற்றி நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதைச் சொன்னார்கள். ஒரு ஊரில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டால் அங்கே போகாதீர்கள்; நீங்கள் இருக்கிற ஊரில் வந்துவிட்டால் அதற்குப் பயந்து வெளியேறாதீர்கள் என்பது அதன் கருத்து. உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள் (புகாரி 5729).

இந்த ஹதீஸை இந்த ஒரு வருடத்தில் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வந்து வந்து அதன் கனம் குறைந்துபோய்விட்டது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். திரும்பிப் போனவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அல்ல. அமீருல் முஃமினீன். அரசாங்க வேலையாக, எத்தனையோ நாள் பாலைவனத்தைக் கடந்து வந்தவர். அவரே பாதி வழியில் ஒட்டகத்தைத் திருப்பினார். ஏரியில் படகு விடவும், சாக்லேட் வாங்கவும் வருகிறவர் பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் திருப்பி அனுப்பப்பட்டால் அதில் அநியாயம் எதுவும் இல்லை.

போனவர் அவர் என்றால், தங்கியவர் அபூஉபைதா (ரலி). அவர்கள் ஷாமுக்கே திரும்பினார்கள். அவர்களை எப்படியாவது அங்கிருந்து வெளியே வரவழைக்க உமர் (ரலி) கடிதம் எழுதியதாகவும் வரலாற்றில் வருகிறது. நோக்கத்தைப் புரிந்துகொண்ட அபூஉபைதா (ரலி), என் படை வீரர்களை விட்டு நான் வரமாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டார்கள். அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே அவர்கள் வஃபாத்தானார்கள். ஒருவர் தன் பயணத்தைத் தியாகம் செய்தார், இன்னொருவர் தன் உயிரையே கொடுத்தார். இருவரும் ஒரே ஹதீஸின் இரண்டு பாதிகளை வாழ்ந்து காட்டினார்கள்.

இந்த இடத்தில் படித்த தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "அதே கொள்ளைநோயில் அம்ர் பின் ஆஸ் (ரலி) மக்களை மலைக்குப் போகச் சொன்னார்களே! மலைக்கு வருகிறவர்களை நாம் ஏன் தடுக்க வேண்டும்?" என்று. உண்மைதான். அபூஉபைதா (ரலி) வஃபாத்துக்குப் பிறகு முஆத் பின் ஜபல் (ரலி) பொறுப்பேற்று, அவர்களும் வஃபாத்தான பிறகு பொறுப்புக்கு வந்தவர்கள் அம்ர் பின் ஆஸ் (ரலி). இந்த நோய் நெருப்பு மாதிரிப் பற்றுகிறது, மலைகளுக்குப் போய்விடுங்கள் என்று சொன்னார்கள். மக்கள் சிதறிப் போனார்கள். உமர் (ரலி) அதை வெறுக்கவில்லை என்றும் வருகிறது. ஆனால் தம்பி, அவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகுவதற்காக மலைக்குப் போனார்கள். ஒரே முகாமில் நெருக்கமாக இருந்த கூட்டம் கலைந்தது. நம் மலைக்கு வருகிறவர்கள் கலைவதற்காகவா வருகிறார்கள்? தாவரவியல் பூங்கா வாசலிலும் படகு இல்லத்திலும் கூடுவதற்காக வருகிறார்கள். அங்கே விலகுவது மருந்தாக இருந்தது. இங்கே கூடுவதே நோயாகிவிடும்.

நேற்று ஒரே நாளில் நாடு முழுவதும் புதிய தொற்று 3 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் ஏறிக்கொண்டே போகிறது. நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 7 லட்சத்து 35 ஆயிரம் பேர். மருத்துவக் கல்லூரியை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு முட்டுகிற நோயாளியை, நிலைமை மோசமானால், கோவைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உதகையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், அதில் பாதி கொண்டை ஊசி வளைவு. இங்கேதான் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்கிறார்கள். சில ஆயிரம் பேரே உள்ள சமூகங்கள். காட்டேஜில் தங்கியவர் நான்காம் நாள் இறங்கிப் போய்விடுவார். அறையைக் கூட்டிய பெண் எந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போவாள் என்று முதலாளி யோசித்தாரா?

"என் இடம், என் விருப்பம்" என்று சொல்ல மார்க்கத்தில் வழியில்லை. கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், தண்ணீருக்காக மேலே ஏறி இறங்குவது சிரமம் என்று தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைத்ததை நபி (ஸல்) அவர்கள் உதாரணமாகச் சொன்னார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்தால் எல்லோரும் தப்புவார்கள் (புகாரி). எனவே அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில்: ஆம், கூடாது. கல்யாணம் என்று பொய் சொல்லி வருகிறவருக்குத் துணை போவது ஒரு பாவம். அடுத்தவர் உயிரைப் பணயம் வைப்பது இன்னொரு பாவம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருப்பி அனுப்புகிறபோது மரியாதையாக அனுப்புங்கள். போன வருடம் இதே ஏப்ரலில், டெல்லி மாநாட்டைச் சொல்லி, தாடியையும் தொப்பியையும் கண்டாலே கொரோனா என்று சிலர் ஒதுங்கிப் போனது நமக்கு மறந்திருக்காது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. நோயைத் தடுப்பது வேறு, மனிதனை நோயாகப் பார்ப்பது வேறு. வெளியூர் நம்பர் பிளேட்டைப் பார்த்துத் திட்டுகிறவர் நம்மில் ஒருவராக இருக்கக் கூடாது.

சகோதரர் தலையாட்டிவிட்டு எழுந்தார். எழும்போது ஒன்று சொன்னார். "சரி ஹஜ்ரத். ஊர் நல்லா இருக்கட்டும். பீஸ் நான் பார்த்துக்கிறேன்." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நான் அவருக்குப் பாதி மார்க்கத்தைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அரபிக் கல்லூரியில் ஃபிக்ஹ் விதிகளைப் படிக்கும்போது, பொதுமக்களுக்கு வரும் தீங்கைத் தடுக்கத் தனி ஒருவருக்கு வரும் தீங்கைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வரும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டோம். அந்தத் தனி ஒருவர் யார், அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அதே பாடத்தில் இன்னொரு விதியும் உண்டு. எதிலிருந்து ஒருவர் லாபம் அடைகிறாரோ அதன் நஷ்டத்தையும் அவரே சுமக்க வேண்டும். இந்தத் தடையால் லாபம் யாருக்கு? எனக்கு லாபம். என் வயதான தாயாருக்கு லாபம். அரசு ஊழியருக்கு, பென்ஷன்காரருக்கு, மாதச் சம்பளக்காரருக்கு லாபம். என் சம்பளம் இந்த மாதமும் வரும். சுற்றுலா வேன் ஓட்டுகிறவருக்கு வராது. ஏரிக்கரையில் போட்டோ எடுக்கிறவருக்கு, வர்க்கியும் தைலமும் விற்கிறவருக்கு, லாட்ஜில் ரூம் பாய் வேலை செய்கிற பிள்ளைக்கு வராது. குதிரை வைத்திருக்கிறவருக்கு வருமானம் நின்றாலும் குதிரைக்குக் கொள்ளு வாங்குவது நிற்காது. ஊர் முழுவதின் ஆரோக்கியத்துக்கான விலையை இந்தச் சில வீடுகள் மட்டும் கட்டுகின்றன. இது நீதியல்ல.

அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த விதம் பாருங்கள். போரிலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், அவரவரிடம் இருப்பதை எல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). தொழுகையைப் பார்த்துச் சொன்ன புகழ்ச்சி அல்ல இது. ஒரு துணியை விரித்ததற்காகக் கிடைத்த புகழ்ச்சி.

ஆகவே இப்போது நாம் துணியை விரிக்க வேண்டும். கடையை வாடகைக்கு விட்டிருப்பவர்களே, சிரமத்தில் இருக்கிற கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்பது அல்பகரா 280 ஆம் வசனத்தின் கட்டளை. விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்றும் அதே வசனம் சொல்கிறது. முதலில் நம் பள்ளிவாசலிலிருந்தே தொடங்குகிறோம். பள்ளிக்குச் சொந்தமான கடைகளின் வாடகையை ஜூன் வரை கேட்பதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. வக்ஃப் சொத்து என்பதால் தள்ளுபடி செய்ய நமக்கு அதிகாரமில்லை, தள்ளிவைக்கலாம்.

ஜகாத் கொடுக்கிற மாதம் இது. ஜகாத் பெறத் தகுதியானவர்களில் கடன்பட்டவர்களும் ஒருவர் (தவ்பா 60). போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஜகாத் கொடுத்தவர் இன்று வாங்கும் நிலைக்கு வந்திருக்கலாம். சொந்தமாக வேன் இருக்கிறதே, அவர் எப்படி ஏழை என்று கேட்காதீர்கள். வேனுக்கு மாதாமாதம் டியூ கட்ட வேண்டும், வேன் ஓடவில்லை. சந்தேகம் இருந்தால் என்னிடம் தனியாகக் கேளுங்கள், ஒவ்வொருவர் கணக்கும் வேறு. ஜகாத் என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் நிய்யத் வைத்தால் போதும். இஃப்தார் பொட்டலத்தோடு படம் எடுத்துப் போடுகிற வேலை இந்த வருடம் வேண்டாம்.

சுற்றுலா வாகனங்களின் வரி, தவணைக்கு அவகாசம், குதிரைக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் நிவாரணம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு மனு தயாராகிறது. கோயில், சர்ச் நிர்வாகத்தினரிடமும் பேசி எல்லோரும் சேர்ந்து கொடுக்கலாம் என்று எண்ணம். நஷ்டம் அவர்கள் வீடுகளிலும் இருக்கிறது. 45 வயதைத் தாண்டியவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசியால் நோன்பு முறியாது.

ஒரு ஜும்ஆ நாளில் நபி (ஸல்) அவர்கள் நின்று உரையாற்றிக்கொண்டிருக்கும்போது மதீனாவுக்கு வியாபாரக் கூட்டம் ஒன்று வந்தது. பஞ்சமும் விலைவாசியும் வாட்டிய நேரம் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சத்தம் கேட்டதும் பெரும்பாலானோர் எழுந்து போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஜும்ஆ அத்தியாயத்தின் கடைசி வசனம் அப்போது இறங்கியது. ரிஸ்க் அளிப்பவர்களில் சிறந்தவன் அல்லாஹ் என்று அது முடிகிறது. ஸஹாபாக்களே பசியில் எழுந்து போனார்கள் என்றால், காட்டேஜ் கதவைத் திறக்க நினைத்த நம் சகோதரரை நான் எப்படிக் குறை சொல்வேன்? அவர் திறக்கவில்லை. பெங்களூர்க்காரருக்கு வரவேண்டாம் என்று நேற்றுச் சொல்லிவிட்டாராம்.

அவர் பிள்ளையின் பீஸுக்கு இன்று தொழுகைக்குப் பிறகு பைத்துல்மால் பெட்டியை வாசலில் வைக்கிறோம். யார் பெயரும் அறிவிக்கப்படாது. இன்னும் பதினோரு வீடுகளின் பட்டியலும் முஅத்தின் பாயிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் நாளை மாலைக்குள் அரிசியும் மளிகையும் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு மோட்டார் சைக்கிள் தேவை. இளைஞர்கள் பெயர் கொடுங்கள்.

யா அல்லாஹ்! இந்த மலையில் வாழ்கிற எல்லா மக்களையும் இந்த நோயிலிருந்து பாதுகாப்பாயாக! தொழில் முடங்கியவர்களின் வீடுகளில் பரக்கத் செய்வாயாக! மருத்துவமனைகளில் மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! ஆமீன்.