முப்பத்தொன்றாம் கவளம்

உடல் எடையைக் குறைப்பதற்காக உணவை அளந்து உண்டு நாள்தோறும் நடப்பவர் செய்வது தவமா, அல்லது உடலின் மேல் கொண்ட பற்றின் மற்றொரு வடிவமா என்னும் கேள்வி, பட்டு நெசவாலும் அரிசி ஆலைகளாலும் பெயர் பெற்ற ஆரணியில் வெறும் ஏட்டுக் கேள்வியன்று. குழித்தறியில், அதாவது தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி விளிம்பில் அமர்ந்து நெய்யும் தறியில், நெசவாளரின் கைகள் ஓய்வின்றி இயங்குகின்றன. கால்களும் மிதிபலகையை மாறி மாறி மிதிக்கின்றன. எனினும் உடல் பல மணி நேரம் ஒரே இடத்தில் இருப்பதால் அவ்வுழைப்பு நடைக்கு ஈடாவதில்லை. தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளரிசி விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும் இயல்புடையது. ஆதலால் வயலில் உழுதவருக்குப் போதுமானதாக இருந்த சோற்றின் அளவு, தறியில் அமர்ந்தவருக்கு மிகையாகிக் கொழுப்பாய்த் தங்குகிறது. உடல் நிறை குறியீட்டெண், அதாவது கிலோகிராம் எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண், 23ஐ எட்டினாலே இந்தியருக்கு அது மிகை எடை என மருத்துவர்கள் கொள்வது இங்கு கருதத்தக்கது.

இக்கேள்விக்கு ஆழமான விடை ஆரணியின் அருகிலேயே உள்ளது. ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட திருமலையில், பாறையில் செதுக்கப்பட்டு ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் நிற்கும், சமணத் தீர்த்தங்கரரான நேமிநாதரின் திருவுருவம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் இவ்வட்டாரத்து ஊர்களில் வழிவழியாக வாழ்கின்றனர். இருள் சூழுமுன் உண்டு முடிக்கும் நெறி அவர்களுடைய அறத்தில் ஒன்று. சமணம் கூறும் ஆறு புறத்தவங்களுள் முதலாவது அனசனம், அதாவது உண்ணாநோன்பு. இரண்டாவது அவமோதரியம், அதாவது வயிறு நிறையுமுன் நிறுத்திக்கொள்ளுதல். ஆடவனின் முழு உணவு 32 கவளம், பெண்ணின் முழு உணவு 28 கவளம் எனத் திகம்பர மரபு கணக்கிட்டு, அதில் ஒரு கவளம் குறைந்தாலும் அது தவமே என்கிறது. முப்பத்தொன்றாம் கவளத்தோடு கையை எடுத்துவிடுபவனும் தவம் செய்தவனாகிறான் என்பது எவ்வளவு கனிவான சட்டம்! பெருநோன்புகளால் உடலை உலுக்குவதைவிட இந்தச் சிறு குறைவு கடினமானது என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் சுவை மேலோங்கி நிற்கும் கணத்தில், உணவு கண்முன் இருக்கும்போதே, அது செய்யப்பட வேண்டியிருக்கிறது.

ஆயினும் பயன் கருதிச் செய்யும் தவம் குற்றமுடையது என்பதும் சமணக் கொள்கையே; தவத்தின் விலையாக இன்பத்தை வேண்டுதலை நிதானம் என்று பெயரிட்டு, உள்ளத்தில் தைத்த முள்ளாகச் சமண நூல்கள் எண்ணுகின்றன. அப்படியாயின் எடை குறைய வேண்டும் என்ற விருப்பமும் முள்தானா? தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூலுக்கு உரை கண்ட பூஜ்யபாதர் இவ்விடத்தில் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். உண்ணாநோன்பைக் கண்கூடான பயன் எதையும் எதிர்பாராமல் செய்ய வேண்டும் என்று விளக்கும் அவர், அளவு குறைத்து உண்பதற்குக் கூறும் நோக்கங்களில் புலனடக்கம், விழிப்பு, மனநிறைவு, கல்வி ஆகியவற்றோடு தோஷங்களைத் தணித்தலையும் சேர்க்கிறார். தோஷம் என்பதை உடலின் குற்றங்கள் என்றே கொள்வது பொருத்தமானது. ஆகவே நோய் தணிய வேண்டும் என்பதற்காக ஒரு கவளத்தைக் குறைப்பவரின் செயல் தவத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்படவில்லை. பிறர் கண்ணுக்கு அழகாய்த் தோன்ற வேண்டும் என்ற வேட்கையே முள்ளாகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமும், ரமணரின் நான் யார் என்னும் நூலும் அளவான உணவை வலியுறுத்துவதால், இந்நெறி ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று.

நடையைப் பற்றியும் இவ்வாறே எண்ணலாம். ஊர்தி ஏறாமல் நடந்தே செல்லும் சமண முனிவர், சிற்றுயிர்கள் மிதிபடாதிருக்க நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்து அடி வைக்கிறார். ஈர்யா சமிதி எனப்படும் இவ்வொழுக்கத்தில் நடை என்பதே கவனமாகிவிடுகிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவது பெரும் பேறுதான். ஆனால் தசைகள் சர்க்கரையை ஏற்றுச் செலவிடும் திறன் சில நாள் அசைவின்மையிலேயே குன்றத் தொடங்குவதால், வாரத்துக்கு 150 நிமிடம் என உலக சுகாதார நிறுவனம் குறிக்கும் நடைக்கு மாதம் ஒருமுறை வலம் வருவது ஈடாகாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு நடைக்குச் செலவாகும் அரை மணி நேரம் வருமானத்தில் துண்டு விழுவதாகும் என்பதையும் மறைக்கலாகாது. உணவுக்குப் பின் பத்து நிமிடம் எனப் பிரித்து நடப்பது அவருக்கு இயலக்கூடியது, சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கவும் வல்லது. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் வேளை உணவை விடுதல் தகாது.

இன்னொன்றையும் கூறாமல் இவ்வாய்வு முழுமை பெறாது. குறைத்தல் தவமாவது, உண்ண இருந்தும் குறைக்கும்போது மட்டுமே. வறுமை பறித்த கவளத்தை எந்தச் சமயமும் தவக்கணக்கில் எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் உண்ட பின் எஞ்சியதை உண்டுவிட்டுத் தறிக்கான நூலைத் தார்க் குழலில் சுற்ற அமரும் பெண்ணிடம் அளவறிந்து உண்ணுமாறு சொல்வது அறமாகாது. அவருக்குரிய 28 கவளமும் முதலில் அவர் இலைக்கு வந்து சேர வேண்டும். அதில் ஒன்றைக் குறைப்பதா என்பது அதன் பிறகு அவரே முடிவு செய்ய வேண்டியது.