சான்றுக்குச் சான்று

பிரமாணத்திற்குப் பிரமாணம் எதுவென்னும் வினா முடிவின்றி நீளுமாயின் அதனை அநவஸ்தை என்னும் தோஷமாகக் கொண்ட நமது தர்க்க சாஸ்திரிகள், இன்றைய கணினி வலைப்பின்னலைக் கண்டிருப்பின் பெரிதும் வியந்திருக்க மாட்டார்கள். தொலைவிலுள்ள சர்வர் நீட்டும் சான்றிதழில் தான் நாடிய பெயர்தான் உள்ளதா, அதன் காலம் கடந்துவிட்டதா, கையொப்பமிட்டவர் யார், அவருக்குக் கையொப்பமிட்டவர் யார் என்று ஒவ்வொரு படியாக மேலேறும் நிரலானது, முன்னரே தன்னிடம் வைக்கப்பட்டுள்ள மூலச் சான்றிதழை அடைந்ததும் நின்றுவிடுகிறது. அம்மூலமோ பெரும்பாலும் தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்டது.

அறிவு தன்னளவிலேயே பிரமாணம் என்னும் மீமாம்சகரின் ஸ்வதப் பிராமாண்யம் இதுவே என்று அவசரப்பட்டுக் கூறலாகாது. அவர்கள் வேதத்தை எவராலும் இயற்றப்படாத அபௌருஷேயம் என்றனர். இம்மூலங்களையோ உலாவி தயாரிப்போரே பரிசீலித்துச் சேர்க்கின்றனர், நீக்கவும் செய்கின்றனர். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனம் ஊடுருவப்பட்டு, கூகுளின் பெயரால் பிறந்த பொய்ச் சான்றிதழ் ஈரானியரின் தொடர்புகளை இடைமறிக்கப் பயன்பட்டபோது, உலாவிகள் அந்நிறுவனத்தை விலக்கின. அவ்வாண்டே அது திவாலாயிற்று. ஆகவே, மெய்யை அறிந்து அறிந்தவாறே உரைப்பவன் ஆப்தன் என்ற நையாயிகரின் இலக்கணமே இங்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

பைத்தான் நிரல்மொழியின் 2 வரிசையில், 2014 டிசம்பரில் 2.7.9 பதிப்பு வரும்வரை, இச்சான்றிதழ்ச் சோதனை இயல்பாக நிகழ்ந்ததில்லை. இன்றும் பிழைச்செய்தி கண்டு சலித்துச் சோதனையையே அணைத்துவிடுவோர் உளர். மறைகுறியாக்கம் எஞ்சியிருக்கிறதே என்பது அவர்தம் சமாதானம். எதிரே இருப்பவர் இன்னாரென்று அறியாமல் காக்கப்படும் ரகசியம் என்ன ரகசியமோ! அலுவலக உள்வலையின் சொந்த மூலத்தை அறியாததால் அப்பிழை எழுந்ததாயின், அம்மூலத்தை மட்டும் நம்பகப் பட்டியலில் சேர்த்துவிட்டால், சோதனையை அணைக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை.