சும்மா நடப்பது

பிளஸ் டூ முடிந்து கல்லூரி திறப்பதற்குள், முன்சிறை திருமலை தொடங்கி திருநட்டாலம் வரையுள்ள 12 சிவாலயங்களையும் தோழிகளோடு நடந்தே பார்க்க வேண்டுமென்றாள் மகள். 100 கிலோமீட்டருக்குக் குறையாது. "சிவராத்திரிக்குப் போ மக்ளே" என்றேன். "அப்பம் சாமிக்குன்னா விடுவீங்க, எனக்குன்னா விடமாட்டீங்க?"

பதினெட்டு வயதில், கையில் விசிறியோடு 'கோவிந்தா, கோபாலா' என்று சிவாலய ஓட்டம் ஓடியவன் நான். பக்தியைவிட ஊர் சுற்றும் ஆசைதான் அதிகம். நேர்ச்சை என்று சொன்னதால் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இளமையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிய ஜீவாவைப் பற்றிப் பூதப்பாண்டிக்காரர்கள் பெருமையாகத்தான் பேசுவோம், கிளம்புவது நம் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவரை.

"பைக்கில் பின்னாலேயே வரட்டுமா?" என்றேன். "அப்பம் அது யாரு நடைப்பா?"

பயம் எனக்கு. அதற்காகக் கோடையை இழப்பது அவள். இது நியாயமில்லை என்று தெரிகிறது. இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவள் திற்பரப்பில் எங்கே தங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.