நாத்தான் சொன்ன கதை



கதை சொல்லுகிறது குழந்தைகளைத் தூங்கவைப்பதற்கு மாத்திரமே என்று நினைக்கிறவர்கள் உண்டு. தூங்குகிற மனச்சாட்சியை எழுப்புவதற்கும் கதை வேண்டும். ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர்களும், திருநாள் மேடையில் பேசுகிறவர்களும், வெளியூரிலிருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுகிற பெற்றோரும் அதைச் சொல்லும் விதத்தை நாத்தான் தீர்க்கதரிசியிடம் கற்றுக்கொள்ளலாம்.

தாவீது இராசா உரியாசின் மனைவியை அபகரித்தார். உரியாஸ் போர்முனையில் சாகும்படியும் செய்தார். குற்றம் மூடப்பட்டது என்றிருந்தார். அப்போது சர்வேசுரன் நாத்தானை அவரிடம் அனுப்பினார். நாத்தான் பாவத்தின் பெயரைக்கூட எடுக்கவில்லை. ஒரு ஊரில் இரண்டு பேர் என்று கதை தொடங்கினார். ஒருவன் செல்வன், மந்தை மந்தையாய் ஆடுமாடு உள்ளவன். மற்றவனோ ஏழை, அவனுக்கு இருந்தது விலைகொடுத்து வாங்கிய ஒரே ஆட்டுக்குட்டி. அது பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் சாப்பாட்டில் பங்கு தின்றது, அவன் கிண்ணத்தில் குடித்தது, அவன் மடியில் தூங்கிற்று. செல்வன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, அவன் தன் மந்தையைத் தொடாமல், ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்தான். அவ்வளவுதான் கதை. தாவீது கொதித்தெழுந்து, அவன் சாவுக்குரியவன் என்று தீர்ப்பிட்டார். அந்த மனிதன் நீரே என்றார் நாத்தான்.

இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, நாத்தான் கேட்பவரை அறிந்து பேசினார். தாவீது சிறுவயதில் ஆடு மேய்த்தவர். ஆட்டுக்குட்டி என்றதும் அவர் நெஞ்சு இளகும்.

இரண்டாவது, எதை விவரிப்பது, எதை விடுவது என்று அறிந்திருந்தார். செல்வனுடைய மந்தைக்கு ஒரு வார்த்தை போதும். ஏழையின் குட்டிக்கோ கிண்ணம், மடி, பிள்ளைகள் எல்லாம் வேண்டும். “ஏழை அதன்மேல் மிகுந்த அன்பு வைத்திருந்தான்” என்று பத்துமுறை சொன்னாலும் அந்தக் கிண்ணத்துக்கு ஈடாகாது.

மூன்றாவது, தீர்ப்பைக் கேட்பவரிடமே விட்டார். நம் ஆண்டவரும் அப்படியே செய்தார். எனக்கு அயலான் யார் என்று கேட்ட சாஸ்திரிக்கு எரிக்கோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனுடைய கதையைச் சொன்னார். காயத்தில் வார்த்த எண்ணெயையும் திராட்சரசத்தையும், சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு காசையும் சொன்னார். கடைசியில் அந்த மூவரில் அயலான் யார் என்று கேட்டு, பதிலைச் சாஸ்திரியின் வாயிலிருந்தே வரவழைத்தார். கதை முடிந்தபின் அதற்கு அரைமணி நேரம் பொழிப்புரை சொல்லுகிறவன் கதையையே கெடுக்கிறான்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. குருமடத்தில் பிரசங்கம் செய்யப் படித்த நானே இதில் தவறினேன். பல வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில், தம்பியோடு வரப்புத் தகராறிலிருந்த ஒருவரை மனதில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இரண்டு சகோதரர்களின் கதையைச் சொன்னேன். கோயிலில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல பிரசங்கம் என்று சிலர் மெச்சவும் செய்தார்கள். அவரோ அதன்பின் வெகு நாள் பூசைக்கு வரவில்லை. நான் தேடிப்போனபோது, “சுவாமி, கதை நல்ல கதைதான். இந்தத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடமே சொல்லியிருக்கலாமே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நாத்தான் தாவீதிடம் சொன்னது தாவீதுக்காக. நான் அவரைப்பற்றி ஊராரிடம் சொன்னேன். கதை ஒருவனைத் தன் இருதயத்துக்குள் பார்க்கச்செய்தால் அது மருந்து. ஊரார் அவனைப் பார்க்கச்செய்தால் அது கல்லெறி.

ஆகையால், பிரியமான பெற்றோர்களே, மகன் தவறினால் விருந்தாளிகள் முன் குத்திக்காட்டாதீர்கள். தனியே அழையுங்கள், அல்லது கடிதம் எழுதுங்கள். உங்கள் வயதில் நீங்களே தவறிய ஒரு நாளை, எந்த இடம், யார் இருந்தார்கள், என்ன இழந்தீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். சொன்னபின் சற்று மௌனமாயிருங்கள். தாவீது மனஸ்தாபப்பட்டதுபோல அவனும் வாய்திறப்பான். அந்த நேரத்தில் அவனை அணைத்துக்கொள்ளச் சர்வேசுரன் உங்களுக்கு வரம் தருவாராக. ஆமென்.