நாலு பேர் தூக்கிவிட்டால் போதுமா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் போல்க் கவுண்டி நீதிமன்றம். விசாரணை அறை மாடியில், லிஃப்ட் கிடையாது. குற்ற வழக்கொன்றில் ஆஜராக வேண்டிய ஜார்ஜ் லேன் சக்கர நாற்காலியில் நடமாடுபவர். முதல் வாய்தாவுக்குப் படிகளில் தவழ்ந்தே மேலே போனார். அடுத்த வாய்தாவுக்கு வந்தவர், இனித் தவழ மாட்டேன் என்றார். அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போவதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. ஆஜராகத் தவறினார் என்று அவரைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள்.

1998-இல் அவர் தொடுத்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004-இல் அவர் பக்கம் தீர்ந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. ஒரு மாநில அரசின் மீது இப்படி நஷ்டஈட்டு வழக்குப் போட முடியுமா என்பதுதான் அங்கே பேசப்பட்டது. அந்தச் சிக்கலைச் சட்டம் படித்தவர்களுக்கு விட்டுவிடலாம். மற்றவர்கள் யோசிக்க வேண்டியது வேறொன்று. தவழ மறுத்தது எவருக்கும் புரியும். தூக்கிவிட வந்த கைகளை எதற்கு மறுக்க வேண்டும்? அது வீம்பு இல்லையா?

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் சாய்தளம் இருக்கிறதா என்று விசாரித்தால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: “அதெல்லாம் இல்லீங்க. வந்தா சொல்லுங்க, பசங்க இருக்காங்க, தூக்கி விட்டுடுவாங்க.” இதைச் சொல்பவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே நாலு பையன்களைக் கூப்பிடுவார், அவர்களும் முகம் சுளிக்காமல் வருவார்கள். இந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்பது, கல்நெஞ்சக்காரர்களைத் திட்டுவதைவிடக் கடினமான வேலை.

தூக்குவது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முன்னால் இருவர் குனிந்து, கால் வைக்கும் தட்டைப் பிடிப்பார்கள். அது கழற்றி மாட்டும் பகுதி; பாதிப் படியில் கையோடு வந்துவிடக்கூடியது. பின்னால் இருவர் நாற்காலியைச் சாய்ப்பார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு அப்போது கூரைதான் தெரியும். “பாத்து, பாத்து” என்று நாலு திசையிலிருந்தும் குரல். புடவை விலகினால் சரிசெய்யக் கை வராது, கைகள் நாற்காலியை இறுகப் பிடித்திருக்கும். பேட்டரி நாற்காலி என்றால் ஆளோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டிவிடும். நாலு பேர் போதாது. சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்திலோ மாடியிலோ இருந்தால் இதே கூத்து மறுபடியும். கழிப்பறைக்கு இன்னொரு தரம். அதனால்தான் பலர் விசேஷ வீட்டுக்குக் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை.

உடம்பை ஒப்படைப்பதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. ரயிலில் ஏற்றிவிட வந்த சுமைதூக்குவோர் தன்னிடம் அத்துமீறினார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி, ரயில்களையும் நிலையங்களையும் மாற்றக் கோரி இயக்கம் நடத்தியவர் விராலி மோடி. 2023 அக்டோபரில் அவருக்குத் திருமணம். மும்பையின் கார் (Khar) பகுதிப் பதிவு அலுவலகம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. அதிகாரிகள் கீழே இறங்கி வரவில்லை. மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் கையெழுத்து வாங்க முடிந்தது. செய்தி பரவிய பிறகு மகாராஷ்டிரத் துணை முதல்வர் வருத்தம் தெரிவித்தார். பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் இறங்கி வந்திருந்தால் முடிந்துபோயிருக்கும் காரியம்.

ஆக, லேன் மறுத்ததில் வீம்பைக் காண முடியவில்லை. உதவி என்று வந்ததை வேண்டாம் என்று சொன்ன பிறகும் உள்ளே போக வழி இருந்தால் அது உதவி. வேண்டாம் என்றால் சிறை, அல்லது பந்தியைப் பார்க்காமல் வீடு திரும்புவது என்றால், அந்தக் கைகள் எத்தனை அன்பானவையாக இருந்தாலும் அவையே வாசலாகிவிடுகின்றன. யாராவது திறந்தால்தான் உண்டு.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது ஒன்று உண்டு. யார்தான் யார் கையும் படாமல் வாழ்கிறார்கள்? பிறந்தபோதும் முதுமையிலும் தூக்கத்தானே செய்கிறார்கள்? ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கும் சமூகத்தை, ஆளுக்கொரு சிமென்ட் சரிவு போட்டுத் தனித்தனியாக நடமாடவிடுவது முன்னேற்றமா? இதை எளிதில் தள்ள முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களிலேயே “தூக்கினால் தூக்கட்டும், கச்சேரி கேட்டால் சரி” என்று சிரித்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உரிமைப் பாடம் நடத்துவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் தாங்கிப் பிடிப்பதில் முறை மாற வேண்டும். இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று. மண்டபப் படிகளில் எப்போதும் ஒரே ஆள்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவர்களின் கால்களுக்காக அளவெடுத்துப் படி கட்டிக் கொடுத்ததற்கு அவர்கள் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

செலவு, இடம், ஆள் கணக்கு என்று வரும் மற்ற வாதங்களுக்கு இவ்வளவு கனமில்லை. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சரிவின் அளவு. 45 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். சாக்கடைப் பலகைமேல் நிற்கும் பெட்டிக்கடைக்கு அந்த இடம் இல்லை என்பது நிஜம். கடைக்காரர் எழுந்து வந்து பொருளைக் கையில் கொடுத்தால் அங்கே நியாயம் நிறைவேறிவிடுகிறது. அளவுக்கு மீறிய சுமை கூடாது என்று சட்டமே இடம் விட்டிருக்கிறது. ஒரு முகூர்த்தத்துக்கு லட்சங்களில் வாடகை வாங்கும் மண்டபம் இந்த வாதத்தைக் கடன் வாங்கக் கூடாது. ‘இடமில்லை’ என்று சொல்லும் பல வாசல்களில் பைக் ஏற்றுவதற்கு மட்டும் ஒரு சரிவு எப்படியோ முளைத்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் வருவதே இல்லையே என்பதும் அதே ரகம். ஏற முடியாத இடத்துக்கு யார் வருவார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர்.

முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பயன்படுமே என்று சாய்தளத்துக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. பயன்படுகிறது, உண்மைதான். என்றாலும் அந்த வாதத்தில் ஒரு நெருடல்: ஒருவருக்கு மட்டுமே பயன்பட்டால் கட்ட வேண்டியதில்லை என்ற முடிவுக்கும் அது வழி விடுகிறது. டென்னசியில் அன்று படியேற முடியாமல் நின்றவர் ஒருவர்தான்.

கட்டிவிட்டதாகக் கணக்குக் காட்டும் இடங்களின் கதை தனி. ஏறினால் பின்னால் கவிழும் அளவுக்குச் செங்குத்தான சரிவு, நடுவில் பூந்தொட்டி, முடிவில் ஒரு படி. தனிக் கழிப்பறையில் துடைப்பமும் வாளியும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். சமையற்கட்டு வழியாக, எச்சில் இலைத் தொட்டியைக் கடந்து போகும் பின்வாசல். பின்வாசல் வழி உள்ளே விடுவதன் பொருள் இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. வேண்டுமென்று செய்யவில்லை என்பார்கள், அதை நம்பலாம். வாசலில் நிற்பவருக்கு அதனால் ஒரு படிகூடக் குறைவதில்லை.

மெனக்கெட்டால் முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. மெரினா மணலில் அலை வரை போக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டு 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. வீண் செலவு என்று அப்போது கேலி செய்தவர்கள் இருந்தார்கள். சீரமைத்து மறுபடி திறந்தார்கள். புயலில் சாலை பெயர்ந்தால் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம், பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு சாக்கையும் சேர்த்தே கொடுத்திருந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடங்களையும் சேர்த்து, பழைய கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வரும் நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-இல் முடிந்துபோனது. அந்த விதிகளில் ஒன்று வெறும் பரிந்துரையாகவே இருக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அதைச் செல்லாது என்றது. சட்டத்தை முதல் தடவை மீறினால் அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய். மண்டப மேடைப் பூ அலங்காரத்துக்கு அது முன்பணமாகக்கூடக் காணாது.

பழைய கட்டடங்களின் விஷயத்தில் இழுத்துப் பேச இடமுண்டு. கல்லை உடைக்காமல் வைத்து எடுக்கும் மரச்சரிவு போதுமா, கோயில் நிலைவாசலை என்ன செய்வது, வாடகைக்கு இருக்கும் மாடி மருத்துவர் கட்டட உரிமையாளரிடம் எதைக் கேட்க முடியும் என்றெல்லாம் நேர்மையாகவே குழம்பலாம். போன மாதம் திறந்த கட்டடத்துக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. விதிப்படி கட்டாத கட்டடத்துக்கு வரைபட அனுமதியும் நிறைவுச் சான்றிதழும் கொடுக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே வாசலில் ஏழு படி மட்டும் இருந்தால், கட்டியவரைப் போலவே கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியவர். திறப்பு விழா அழைப்பிதழில் அவர் பெயரும் இருந்திருக்கும்.