நிமிஷங்களின் நியாயம்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர், 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிருக்கு அஞ்சிக் கூடத்துக்குள்ளேயே அடைபட்டுத் தேகாப்பியாசம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த ஒரு வகுப்பைச் சமாளிப்பதற்காக, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மாடத்துக் கைப்பிடியில் அடித்து வைத்துக் கூடைப்பந்தாட்டத்தை உண்டாக்கினார். வகுப்பில் இருந்தவர்கள் பதினெட்டுப் பேர். ஆகவே கட்சிக்கு ஒன்பது பேராகப் பிரிந்து பதினெண்மரும் ஆடினார்கள். ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஒருவரும் மிஞ்சவில்லை. பின்னர் விதிகள் இறுகி, கட்சிக்கு ஐவர் என்ற கணக்கு நிலைபெற்றபோதுதான் பெஞ்சு பிறந்தது. அதனோடு கூடவே, அதில் யார் எவ்வளவு நேரம் உட்காருவது என்ற தர்ம விவகாரமும் பிறந்தது.

இன்று அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆட்டம், எட்டு நிமிஷப் பகுதிகள் நான்காக, 32 நிமிஷம் நடக்கிறது. களத்தில் நிற்பவர் ஐவர் என்பதால் ஓர் அணிக்குப் பங்கிடக் கிடைப்பவை 160 நிமிஷங்களே. அணியில் பன்னிருவர் இருந்து அவற்றைச் சரிசமமாகப் பிரித்தால் தலைக்கு 13 நிமிஷமும் 20 வினாடியும் வரும். அப்படிப் பிரிப்பவர் அரிது. ஏழெட்டுப் பேர் அவற்றில் பெரும்பகுதியைப் பெறுகிறார்கள். மற்றவர்களுக்குச் சில நாட்களில் ஒரு நிமிஷமும் இல்லை. பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னே வந்து எல்லோருக்கும் பின்னே போகிற ஒரு மாணவன், ஆட்ட நாளில் சீருடை அணிந்து, ஒரு துளி வியர்வையும் படாமல் அதைக் கழற்றி மடித்து வைக்கும்போது, அவனுக்கு அநியாயம் இழைக்கப்பட்டதா என்று கேட்பது அற்பமான கேள்வி அன்று. பதினாறு வயதில் ஒருவன் நியாயத்தைப் பற்றிக் கற்றுக்கொள்வதில் பாதியை இத்தகைய இடங்களில்தான் கற்றுக்கொள்கிறான்.

சமபங்கே நியாயம் என்பது ஒரு கட்சி. 1964-இல் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் தொடங்கிய இளைஞர் கால்பந்து அமைப்பு ஒன்று, ஒவ்வொரு குழந்தையும் ஆட்டத்தில் பாதி நேரமாவது ஆடவேண்டும் என்பதையே தன் முதல் கொள்கையாக வைத்துக்கொண்டது. எட்டு வயதுக் குழந்தைகளைப் பொறுத்தவரையில் இதற்கு மறுப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வயதில் ஆட்டம் என்பதே ஆடுவதற்காகத்தான். ஆனால் விரும்பி விண்ணப்பித்து, தேர்வுக்கு நின்று, பள்ளியின் பெயரைத் தாங்கிக்கொண்டு அயலூர் அணியோடு மோதச் செல்கிற பெரிய மாணவர்களுக்கு இதையே விதித்தால், கடுமையாக உழைத்துத் தேர்ந்தவனுக்கும், பயிற்சியைப் பாதி நாள் தட்டிக்கழித்தவனுக்கும் ஒரே கூலி என்று ஆகிவிடும். அது சமத்துவம் என்ற பெயரில் நடக்கும் வேறொரு பக்ஷபாதம்.

திறமைக்கே இடம் என்பது எதிர்க்கட்சி. நல்ல புல்லாங்குழல்கள் இருக்குமானால் அவற்றை உயர்குடியில் பிறந்தவனுக்கோ அழகனுக்கோ தருவதில் அர்த்தமில்லை, நன்றாக ஊதுகிறவனுக்கே தரவேண்டும் என்று அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் வாதிக்கிறார். வினையை முடிக்க வல்லவனிடம் வினையை ஒப்படைப்பதற்கு வள்ளுவரும் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். பள்ளிகளுக்கிடையே நடக்கும் பந்தயங்களில் பங்கேற்பது சலுகையே ஒழிய, அரசியல் சாசனம் காக்கும் உரிமை அன்று என்பதே அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் கொண்ட முடிவும். இந்தக் கட்சியின் பலத்தை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புல்லாங்குழல் சங்கீதத்துக்காக இருக்கிறது. அரசனின் வினை ராஜ்யத்துக்காக இருக்கிறது. பள்ளிக்கூடத்து அணியோ, வெற்றிக்காகவும் இருக்கிறது, மாணவனுக்காகவும் இருக்கிறது. இவற்றில் இரண்டாவது இல்லாவிட்டால் அதைப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை. ஊரார் சந்தா வசூலித்து நடத்திக்கொள்ளலாம்.

திறமை என்று நாம் சொல்லுகிற அந்த வஸ்து எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கவேண்டும். களத்தில் நிற்கும் நேரமே திறமையை வளர்க்கிறது. வளர்ந்த திறமை மேலும் நேரத்தைப் பெற்றுத் தருகிறது. பன்னிரண்டு வயதில் சற்று முன்னதாக வளர்ந்துவிட்ட பையன், உயரத்தின் காரணமாக முதலில் பொறுக்கப்பட்டு, பொறுக்கப்பட்டதன் காரணமாக அதிகம் ஆடி, அதிகம் ஆடியதன் காரணமாகத் திறமைசாலி ஆகிவிட்ட பிறகு, பார், திறமைக்குத்தான் இடம் கொடுத்தோம் என்று சொல்வதில் ஒரு சிறு கண்கட்டு வித்தை இருக்கிறது.

இதற்கு உலகம் அறிந்த திருஷ்டாந்தம் மைக்கேல் ஜோர்டன். 1978-இல், வட கரோலினா மாகாணத்து வில்மிங்டன் நகரின் லேனி உயர்நிலைப் பள்ளியில், பதினைந்து வயதான அவர் பள்ளியின் முதல் அணியாகிய வார்சிட்டியில் இடம் பெறவில்லை. அவர் வகுப்புத் தோழன், ஆறடி ஏழங்குல உயரமுள்ளவன், இடம் பெற்றான். அணிக்கு அப்போது உயரம் வேண்டியிருந்தது. ஒட்டப்பட்டிருந்த பட்டியலில் தம் பெயரைக் காணாமல் வீட்டுக்குப் போய் அழுததாக ஜோர்டனே சொல்லியிருக்கிறார். பள்ளி அணியிலிருந்து துரத்தப்பட்டவர் உலகை வென்றார் என்று பிரசங்க மேடைகளில் இந்தக் கதை சொல்லப்படுகிறது. உண்மையில் அவரை யாரும் துரத்தவில்லை. ஜூனியர் வார்சிட்டி என்னும் இளைய அணியில் வைத்தார்கள். பெரிய அணியின் பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, சிறிய அணியில் ஒவ்வோர் ஆட்டமும் களத்தில் நின்று, தவறுகள் செய்து, திருத்திக்கொண்டு, புள்ளிகளைக் குவித்தார். மறுவருஷம் உயரமும் கூடியது, முதல் அணியில் இடமும் கிடைத்தது. கௌரவம் குறைந்த இடத்தில் நிறைய நிமிஷங்களைக் கொடுத்த அந்த முடிவு, அநேகமாக அவருக்குச் செய்யப்பட்ட நன்மையே என்று கருத இடமுண்டு. ஆனாலும் அந்தப் புண் ஆறவில்லை. 2009-இல், அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கூடைப்பந்தாட்டத்தின் மகா வீரர்களுக்குரிய மண்டபத்தில் தமக்கு இடமளித்த விழாவுக்கு அந்தப் பழைய தோழனையும் வரவழைத்து, அன்று பள்ளியில் தம்மை விட்டுவிட்டு அவனைத் தேர்ந்ததைப் பேச்சிலே நினைவூட்டினார். முப்பது வருஷத்துக்குப் பின்னும் எரிவது முடிவா, அல்லது ஒரு சுவரொட்டியின் மூலம் முடிவைத் தெரிந்துகொள்ள நேர்ந்த விதமா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

யோசித்தால், பெஞ்சில் உட்காரவைப்பது தன்னளவில் அநியாயம் அன்று; கற்றுக்கொடுக்காமல் உட்காரவைப்பதே அநியாயம் என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. பயிற்சியாளர் ஆட்ட நேரத்தை மறுக்கலாம். சிக்ஷையை மறுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆட்ட நாளின் 160 நிமிஷங்கள் அணியின் பொதுச்சொத்து. அவற்றை அணியின் காரியத்துக்காகச் செலவிடுவது கிரமம். ஆனால் வாரத்தின் மற்ற நாட்களில் நடக்கும் பயிற்சி நேரம் ஒவ்வொரு மாணவனுக்கும் உரிய பாகம். அங்கேயும் முதல் ஐவரையே சுற்றிச் சுற்றி வந்து, மற்றவர்களைப் பந்து பொறுக்கவும், எதிரணி வேஷம் போட்டு நிற்கவும் மட்டும் பயன்படுத்துகிற பயிற்சியாளர், திறமைக்கே இடம் என்று பேசும் யோக்கியதையை இழந்துவிடுகிறார். திறமை பெறும் வழியை அடைத்துவிட்டுத் திறமையைக் கேட்பது எந்தத் தர்மத்தில் சேரும்?

இதை நன்கு அறிந்தவர் ஜான் வுடன். கல்லூரி ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து அணிக்கு 1964 முதல் 1975 வரை பத்து தேசிய வாகைப் பட்டங்களைப் பெற்றுத் தந்த அவர், தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இருவர் அவர் பயிற்சிக் கூடத்தில் அமர்ந்து அவர் பேசியதையெல்லாம் வகைப்படுத்திக் குறித்தபோது, அதில் முக்கால் பங்குக்குக் குறையாதது நேரடியான போதனையாகவே இருந்தது, புகழ்ச்சி சொற்பம். அவர் அணியில் ஸ்வென் நேட்டர் என்ற நெடியவர் ஒருவர் இருந்தார். பில் வால்ட்டன் என்னும் மகா ஆட்டக்காரர் அதே இடத்தில் ஆடியதால், நேட்டர் ஓர் ஆட்டத்தைக்கூட முதல் ஐவரில் ஒருவராகத் தொடங்கவில்லை. ஆனால் இது அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது: களத்தில் நேரம் அதிகம் கிடைக்காது, நாட்டிலேயே சிறந்தவனோடு தினந்தோறும் மோதிப் பழகலாம் என்று. அப்படியே பழகினார். 1973-இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் சுற்றிலேயே பொறுக்கப்பட்டார். மறுவருஷம் தம் சங்கத்தின் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கினார். எல்லாப் பெஞ்சுக்காரர்களுக்கும் இப்படி விடியும் என்று சொல்வது புரட்டு. ஆயினும் ஒரு மாணவனிடம் பயிற்சியாளர் பட்டிருக்கும் கடன் எது என்பதற்கு இது நல்ல சாட்சி: உண்மை நிலையை ஒளிக்காமல் சொல்வதும், சொன்னபடி கற்றுக்கொடுப்பதும்.

இந்தக் கடனைத் தீர்ப்பதற்குப் பதிலாக, இருபத்தைந்து புள்ளி வித்தியாசத்தில் ஜயம் உறுதியான பிறகு, கடைசி இரண்டு நிமிஷங்களுக்குப் பெஞ்சிலிருப்பவர்களை இறக்கிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. விருந்தினரெல்லாம் எழுந்து போன பின் போடப்படும் கடைசிப் பந்தி போன்றது இது: பசி தீரலாம், மரியாதை இல்லை. அதை அடியோடு நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நிமிஷமானாலும் அந்தப் பையனின் தாயார் எழுந்து நின்று பார்க்கிறாள். ஆனால் ஆட்டம் இன்னும் தீராமல், தவறினால் நஷ்டம் உண்டு என்றிருக்கும் இரண்டாம் பகுதியில் மூன்று நிமிஷம் கொடுப்பது, தீர்ந்துபோன ஆட்டத்தில் பத்து நிமிஷம் கொடுப்பதைவிட மேல். பின்னது தயவு, முன்னது நம்பிக்கை.

மாணவனுக்கும் கடமை உண்டு. அதைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் உபதேசங்கள் பெரும்பாலும், உழைத்தால் கிடைக்கும் என்பதோடு நின்றுவிடுகின்றன. உழைப்பு மட்டும் போதாது. எதில் உழைப்பது என்ற விவேகம் வேண்டும். தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் போடும் மூன்று புள்ளி வீச்சையே எல்லாப் பையன்களும் நாள்முழுதும் பழகுகிறார்கள், ஏனெனில் கைதட்டல் அதற்குத்தான். எதிராளியை முதுகால் தடுத்து நிறுத்தி, கூடையில் விழாமல் துள்ளி மீளும் ரீபவுண்டுப் பந்தைப் பிடிப்பது, வலக்கையர் இடக்கையால் பந்தைத் தட்டிச் செல்வது, முழங்கால் மடக்கித் தாழ நின்று காப்பது, பதினைந்து அடிக் கோட்டிலிருந்து களைத்த கால்களோடு, ஃப்ரீத்ரோ என்னும் தடையற்ற வீச்சைப் போடுவது, ஓயாமல் வாய்விட்டுத் தோழர்களை எச்சரிப்பது ஆகிய இவற்றுக்குக் கைதட்டுவார் இல்லை. அணிகளுக்கு எப்போதும் பஞ்சமாக இருப்பவையோ இவைதாம். தனக்குப் பிடித்ததை விட்டு அணிக்குக் குறைவானதைப் பழகுகிறவன், நிமிஷங்களைச் சம்பாதிக்கும் உபாயத்தோடு ஒரு குணத்தையும் சேர்த்தே பழகுகிறான். பயிற்சியாளரின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைந்து இடம் பிடிப்பவனைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, வெளியே தெரியாத ஒன்று. தன் இடத்தில் ஆடும் தோழன் பந்தைத் தவறவிடும்போது, பெஞ்சில் இருப்பவன் நெஞ்சில் ஒரு கணம் எழும் அந்தச் சந்தோஷம். அவன் கால் சுளுக்கிக்கொண்டு விழும்போது, ஐயோ என்ற வாய்க்குப் பின்னால் இனி நமக்கு முறை என்று ஒரு மனம் கணக்குப் போடுவது. இதற்காக ஒரு பையனைப் பாவி என்பது மனித சுபாவம் அறியாதவர் பேச்சு; பதவிகளுக்குக் காத்திருக்கும் பெரியவர்களிடம் இது இன்னும் பக்குவமாக ஒளிந்திருக்கிறது. எண்ணம் எழுவதற்கு அவன் பொறுப்பாளி அல்லன். எழுந்ததை என்ன செய்கிறான் என்பதற்கே பொறுப்பாளி. மறுநாள் பயிற்சியில் அதே தோழனை எதிர்த்துத் தன் முழுப் பலத்தோடும் ஆடி, அவனுடைய குறையை அவனுக்கே காட்டிக் கொடுத்து, அதனால் அவன் இன்னும் தேறித் தன் இடம் இன்னும் தள்ளிப்போவதைச் சகித்துக்கொள்கிறவன், ஓர் அபூர்வமான காரியத்தைச் செய்கிறான். களத்தில் நிற்பவனுக்கும் அதே அளவு கடமை உண்டு என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை: மாற்று ஆட்டக்காரனோடு பயிலும்போது அலட்சியமாகக் கைவீசி நிற்பவன், அவனுக்கு நேர்மையாக வந்துசேர வேண்டிய அப்பியாசத்தைத் திருடுகிறான்.

பெற்றோர் தலையீடு, பயிற்சியாளரின் சொந்தப் பிள்ளை, நன்கொடையாளரின் பிள்ளை என்ற விவகாரங்களில் தர்ம சந்தேகம் ஏதுமில்லை. அவை வெறும் ஊழல். ஆனால் தாயோ தந்தையோ போய்ச் சண்டை போடுவதற்கு முன், மாணவன் தானே பயிற்சியாளர் முன் நின்று, எனக்கு இடம் கிடைக்க நான் எதைத் திருத்திக்கொள்ளவேண்டும் என்று கேட்பது நல்லது. ஏன் என்னை ஆடவிடவில்லை என்பது வேறு கேள்வி. அதற்குத் தற்காப்பே பதிலாக வரும். முதற்கேள்விக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாத பயிற்சியாளர், அந்த மாணவனை இதுவரை கவனித்ததே இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டவராகிறார்.

அமெரிக்கப் பள்ளிகளில் ஸீனியர் நைட் என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. பருவத்தின் முடிவை ஒட்டித் தம் சொந்தக் களத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தில், பள்ளியைவிட்டுப் போகும் இறுதி வகுப்பு மாணவர்களைப் பெற்றோருடன் நிறுத்திக் கௌரவித்து, பல பள்ளிகளில் அவர்களையே முதல் ஐவராக ஆட்டத்தைத் தொடங்கச் செய்வார்கள். வருஷமெல்லாம் பெஞ்சில் இருந்தவனும் அன்று தொடக்கத்தில் நிற்பான். தகுதிவாதிகள் இதைக் கேலி செய்யலாம். ஆனால் சில நாட்களில் மாவட்டப் பந்தயம் தொடங்கும்போது பயிற்சியாளர் பழைய ஐவரையே இறக்குகிறார். அன்று தொடக்கத்தில் நின்ற பையன் பெஞ்சுக்குத் திரும்பி, எதிரணியின் முப்பத்திரண்டாம் எண்காரன் எப்போதும் வலப்பக்கமே திரும்புகிறான் என்று தன் தோழனுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மரியாதைக்காகக் கொடுக்கப்பட்டது எது, நம்பி ஒப்படைக்கப்பட்டது எது என்ற பேதம், யாரும் விளக்கிச் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.